திசுவுக்குள் ஒளியைக் கணக்கிடும் வேலை: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இயற்பியலோ உயிர்மருத்துவப் பொறியியலோ படித்துவிட்டு, உடல் திசுவுக்குள் ஒளி எப்படிப் பயணிக்கிறது என்பதைக் கணினியில் கணக்கிடும் வேலைக்குப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இதற்கென்று தனிப் பட்டப்படிப்பு கிடையாது. எதை முதலில் படிப்பது, எந்த மென்பொருளைத் தொடுவது, யாருக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பதெல்லாம் ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடக்கிறது. அதைப் பொறுக்கிச் சேர்க்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகத் தேவையில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூளைக்குள் ஒளி பரவும் வண்ணப்படத்தை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் ஒரே மாலையில் வரவழைத்துவிடலாம். உள்ளே போன எண்கள் எங்கிருந்து வந்தன, வெளியே வந்த விடை சரி என்று எப்படித் தெரியும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் வைத்திருப்பவர்கள்தான் குறைவு. ஆய்வகமானாலும் நிறுவனமானாலும் அவர்களைத்தான் தேடுகிறது.

1. எந்தப் பிரச்சினைக்காகக் கணக்கிடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

'ஒளியும் திசுவும்' என்பது மிகப் பெரிய பரப்பு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், மூளையின் ரத்த ஓட்டத்தை அகச்சிவப்பு ஒளியால் அளப்பது, புற்றுநோய்க்கான ஒளியியக்கச் சிகிச்சையில் எவ்வளவு ஒளி கட்டியைச் சேர்கிறது என்று கணக்கிடுவது, லேசர் தோல் சிகிச்சை, ஒளியொலிப் படமெடுப்பு என்று கிளைகள் பல. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஆனால் நீங்கள் எழுதும் நிரலும் படிக்கும் கட்டுரைகளும் தட்டும் கதவுகளும் கிளைக்குக் கிளை மாறும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓராண்டாவது அதிலேயே இருங்கள்.

எதை எடுப்பது என்று தெரியாதவர்களுக்கு நான் பல்ஸ் ஆக்சிமீட்டரைத்தான் சொல்வேன். வழக்கமாக 660, 940 நானோமீட்டர் என இரண்டே அலைநீளங்கள். கருமையான தோலில் இந்தக் கருவி ஆக்சிஜன் அளவை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை 2020-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு கடிதம் மறுபடி கவனத்துக்குக் கொண்டுவந்தது. கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோதும் ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத அளவீடுகளில், வெள்ளையர்களில் 3.6 சதவீதத்தில். மெலனின் இதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது கணித்துப் பார்க்க வேண்டிய கேள்வி. அதன் விடை மனிதர்களின் உயிரைத் தொடுகிறது.

2. அடிப்படைப் படிப்பு

தேவையானவை நான்கு: மின்காந்தவியல், நிகழ்தகவு, எண்முறைக் கணிதம், ஏதாவது ஒரு நிரல்மொழி. பைத்தானில் தொடங்குங்கள், சி மொழியை வாசிக்கவாவது கற்றுக்கொள்ளுங்கள், இந்தத் துறையின் பழைய, நம்பகமான நிரல்கள் அதில்தான் இருக்கின்றன. உடற்கூறியலைத் தனிப் பாடமாக எடுக்க வேண்டியதில்லை. உங்கள் கிளைக்கு உரிய உறுப்பின் அடுக்குகளும் அவற்றின் தடிமனும் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

திசுவுக்குள் ஒளியின் போக்கை விவரிக்கும் கதிர்வீச்சுக் கடத்தல் சமன்பாடு, அதன் எளிய வடிவமான விரவல் சமன்பாடு இரண்டையும் கையால் ஒருமுறை வருவித்துப் பாருங்கள். விரவல் சமன்பாடு எங்கே பொய்த்துப்போகும் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: ஒளி நுழையும் இடத்துக்கு மிக அருகில், உறிஞ்சல் சிதறலுக்கு இணையாக உயரும் இடத்தில், மூளையைச் சுற்றியுள்ள தெளிந்த திரவம் போலச் சிதறலே இல்லாத இடத்தில். நேர்காணலில் கேட்பார்கள்.

3. சொந்தமாக ஒரு மான்டே கார்லோ நிரல் எழுதுங்கள்

மான்டே கார்லோ என்றால், தற்போக்கு எண்களை வைத்து ஏராளமான ஃபோட்டான்களின் பாதையை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் பார்க்கும் முறை. ஆயத்த மென்பொருளை இறக்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். இருநூறு வரிக்குள் முடியும் வேலைதான். ஆனால் பிற்பாடு எல்லாமே இதன்மேல்தான் நிற்கும்.

ஒரு ஃபோட்டான் பொதியை எடை 1 என்று வைத்துத் திசுவுக்குள் அனுப்புகிறீர்கள். ஒரு தற்போக்கு எண்ணின் மடக்கையை வைத்து, அடுத்த மோதல்வரை அது போகும் தூரத்தை நிர்ணயிக்கிறீர்கள். மோதிய இடத்தில் எடையின் ஒரு பங்கு உறிஞ்சப்படுகிறது. மீதி புதிய திசையில் சிதறுகிறது. திசையைத் தேர்வு செய்ய ஹென்யி–கிரீன்ஸ்டைன் சூத்திரம். எல்லையைத் தொட்டால் பிரதிபலிப்பா வெளியேற்றமா என்பதை ஃபிரெனல் விதி சொல்லும். எடை மிகச் சிறியதாகிவிட்டால், ரஷ்ய ரூலெட் முறையில் பத்தில் ஒரு வாய்ப்பு கொடுத்து, பிழைத்தால் எடையைப் பத்து மடங்காக்கி, இல்லையென்றால் கணக்கை முடிக்கிறீர்கள்.

கவனிக்க வேண்டிய பொறிகள் மூன்று. தற்போக்கு எண் பூஜ்யமாக வந்தால் மடக்கை முடிவிலிக்குப் போகும். சிதறலின் முன்னோக்குச் சாய்வைக் குறிக்கும் ஜி பூஜ்யமாக இருந்தால் ஹென்யி–கிரீன்ஸ்டைன் சூத்திரத்தில் பூஜ்யத்தால் வகுக்க நேரும். அதற்குத் தனிக் கிளை எழுதுங்கள். ஃபோட்டான் ஏறத்தாழ நேர்செங்குத்தாகப் போகும்போது திசை மாற்றும் சூத்திரத்திலும் இதே வகுத்தல் சிக்கல் வரும். ஜி பூஜ்யமாவது சில மாதிரிகளில் மட்டும், மற்ற இரண்டும் எப்போதாவது ஒருமுறைதான் நடக்கும் என்பதால் சோதனையில் தப்பித்து, கோடிக்கணக்கான ஃபோட்டான்கள் ஓடும் நாளில் விடையைக் கெடுக்கும்.

எழுதி முடித்ததும் சரிபார்க்க வேண்டும். சிதறல் கணக்குகளின் விடைகளைத் தொகுத்துத் தரும் வான் டி ஹல்ஸ்டின் அட்டவணை இதற்கு நல்ல அளவுகோல். தடிமன் 0.02 செ.மீ., உறிஞ்சல் குணகம் செ.மீ.க்கு 10, சிதறல் குணகம் செ.மீ.க்கு 90, ஜி 0.75, உள்ளும் வெளியும் ஒரே ஒளிவிலகல் எண். இந்தத் தகட்டுக்குச் சிதறிய பிரதிபலிப்பு 0.09739, மொத்தக் கடத்தல் 0.66096 வர வேண்டும். அப்புறம் உறிஞ்சியது, பிரதிபலித்தது, கடந்துபோனது எல்லாவற்றையும் கூட்டுங்கள், 1 வரும். வராவிட்டால் எங்கோ ஆற்றல் கசிகிறது, மேற்கொண்டு போகாதீர்கள்.

ஃபோட்டான் எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. பிழை, எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில்தான் குறையும். பிழையைப் பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு ஃபோட்டான் வேண்டும். பத்து லட்சத்தில் தொடங்குங்கள். விதை எண்ணை (தற்போக்கு எண் வரிசையைத் தொடக்கிவைக்கும் எண்) மாற்றி மாற்றி ஓட்டி, விடைகளின் விலகலையும் சேர்த்தே எழுதிவையுங்கள். விலகல் குறிப்பிடாத எண்ணை நல்ல ஆய்வகத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

4. ஒளியியல் பண்புகளின் எண்களைச் சேகரியுங்கள்

என் அனுபவத்தில் இந்தத் துறையின் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. புதியவர்கள் இதற்கு அரை மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள்.

திசு ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்கள் வேண்டும்: உறிஞ்சல் குணகம், சிதறல் குணகம், ஜி, ஒளிவிலகல் எண். அண்மை அகச்சிவப்பில் மென்திசுவுக்குப் பொதுவாகச் சொன்னால் உறிஞ்சல் செ.மீ.க்கு 0.1, சிதறல் 100, ஜி 0.9, ஒளிவிலகல் எண் 1.4-ஐ ஒட்டி. ஜி-யைக் கணக்கில் சேர்த்தால் குறைத்த சிதறல் குணகம் 10 ஆகும். இந்த எண்களை விரவல் கோட்பாட்டில் போட்டால் ஊடுருவும் ஆழம் ஏறத்தாழ 5.7 மி.மீ. இந்த அளவுவரிசை நினைவில் இருந்தால் தவறான விடையைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடலாம்.

ஹீமோகுளோபின் நிறமாலை அட்டவணையை ஸ்காட் ப்ரால் பல ஆண்டுகளாகப் பொதுவில் இலவசமாக வைத்திருக்கிறார். 2013-இல் ஸ்டீவன் ஜாக்ஸ் எழுதிய திசு ஒளியியல் பண்புகள் பற்றிய மீளாய்வுக் கட்டுரை பல திசுக்களின் எண்களை ஒரே இடத்தில் தருகிறது. இந்த இரண்டோடு தொடங்குங்கள். எடுக்கும்போது இந்தக் கண்ணிகளைப் பாருங்கள்.

முதலாவது, மடக்கையின் அடி. ஹீமோகுளோபின் அட்டவணையில் இருப்பது 10-ஐ அடியாகக் கொண்ட மடக்கையில் வரையறுத்த மோலார் குணகம். மான்டே கார்லோவுக்கு வேண்டியது இயல் மடக்கையில் உள்ளது. ஆகவே 2.303-ஆல் பெருக்க வேண்டும். லிட்டருக்கு 150 கிராம் ஹீமோகுளோபின், மூலக்கூறு எடை 64,500 என்று வைத்தால் செறிவு 2.33 மில்லிமோலார். 800 நானோமீட்டரில் மோலார் குணகம் சுமார் 800. பெருக்கினால் முழு ரத்தத்தின் உறிஞ்சல் செ.மீ.க்கு 4.3 அளவில் வரும். 2.303-ஐ விட்டால் 1.9 வரும், அதுவும் நம்பும்படியாகவே இருக்கும் என்பதுதான் ஆபத்து.

இரண்டாவது, முழு ரத்தமும் திசுவும் ஒன்றல்ல. திசுவில் ரத்தம் ஒரு சிறு சதவீதம்தான். மேலே கிடைத்த 4.3-ஐ அப்படியே தோலுக்குப் போட்டால் ஒளி உள்ளே போகவே போகாது. ஒரு சதவீதம் என்றால் 0.043, அதோடு நீர், கொழுப்பு, மெலனின் பங்குகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அலகு. அடுத்த படியில் வரும் இரண்டு மான்டே கார்லோ மென்பொருள்களில் எம்.சி.எம்.எல். சென்டிமீட்டரில் பேசும், எம்.சி.எக்ஸ். இயல்பாக மில்லிமீட்டரில் பேசும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணை அப்படியே நகலெடுத்தால் உள்ளே போகும் குணகமே பத்து மடங்கு தவறு. கோப்பின் முதல் வரியிலேயே அலகை எழுதிவையுங்கள்.

நான்காவது, அளந்த விதம். வெட்டியெடுத்த திசுவில் ரத்தம் வடிந்திருக்கும். உறையவைத்து உருக்கியிருந்தால் சிதறலும் மாறியிருக்கும். ஒருங்கிணைக்கும் கோளத்தில் (மாதிரியிலிருந்து சிதறும் ஒளியைச் சேர்த்து அளக்கும் வெள்ளை உட்புறக் கோளம்) அளக்கும்போது மாதிரியின் பக்கவாட்டில் ஒளி தப்பிப்போனால், அது உறிஞ்சப்பட்டதாகக் கணக்கில் ஏறி, உறிஞ்சல் குணகம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விரிதாளில் நான்கு நெடுவரிசை வையுங்கள்: எந்தக் கட்டுரை, எந்த அலைநீளம், உயிருள்ள திசுவா எடுத்த திசுவா, எந்த முறையில் அளந்தது. இந்த விரிதாள் வெறும் குறிப்பல்ல. விண்ணப்பத்தில் இணைக்கத்தக்க ஆவணம்.

5. பெரிய மென்பொருளுக்குப் போங்கள்: கணினி, செலவு

நல்ல செய்தி, முக்கியமான மென்பொருள் எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. லிஹோங் வாங், ஜாக்ஸ், ஷெங் ஆகியோர் 1995-இல் விவரித்த எம்.சி.எம்.எல். அடுக்குத் திசுவுக்கு இன்றும் அளவுகோல். சியான்சியான் ஃபாங்கும் டேவிட் போவாஸும் 2009-இல் வெளியிட்ட எம்.சி.எக்ஸ். முப்பரிமாண வாக்சல் (சிறு கனசதுரக் கட்டங்களாகப் பிரித்த) திசுவை கிராஃபிக்ஸ் கார்டில் வேகமாக ஓட்டும். வலைப்பின்னல் வடிவத்துக்கு எம்.எம்.சி., வாலோ எம்.சி.; விரவல் சமன்பாட்டைத் தீர்க்க நிர்ஃபாஸ்ட், டோஸ்ட். எல்லாவற்றையும் கற்க வேண்டாம். எம்.சி.எம்.எல்., எம்.சி.எக்ஸ். இரண்டும் கைக்கு வந்தால் மற்றவை சில நாள் வேலைதான்.

விலையுயர்ந்த கணினியைத் தொடக்கத்திலேயே வாங்காதீர்கள். எம்.சி.எம்.எல். எந்தப் பழைய மடிக்கணினியிலும் ஓடும். எம்.சி.எக்ஸ்.-க்கு என்விடியா கார்டு வேண்டும். வேறு நிறுவனத்தின் கார்டு என்றால் அதன் ஓப்பன்சி.எல். பதிப்பு இருக்கிறது. கார்டே இல்லையென்றால் கூகுள் கோலாபின் இலவச ஜி.பி.யு.வில் பைத்தான் வழியாக ஓட்டலாம். இலவச அமர்வு பாதியில் அறுந்துபோகும், ஆகவே ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவையும் உடனே சேமியுங்கள்.

எம்.சி.எக்ஸ்.-இல் புதியவர்கள் தடுக்கும் இடங்கள்: அது இயல்பாகத் தருவது ஒரு நொடிக்கான ஒளிப்பாய வீதம் (ஓர் இடத்தை எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தடையும் ஒளியின் அளவு), மொத்தப் பாயம் வேண்டுமென்றால் நேரப்படியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். முடிவு நேரத்தை மிகக் குறைவாக வைத்தால் தாமதமாக வரும் ஃபோட்டான்கள் கணக்கில் விடுபடும். 5 நானோநொடி பெரும்பாலும் போதும். வளைந்த பரப்பை வாக்சலில் அமைத்தால் எல்லை படிக்கட்டுப்போல ஆகி, ஒளிவிலகல் தவறான கோணத்தில் நடக்கும். அங்கே வலைப்பின்னல் வடிவம்தான் சரி. எம்.சி.எம்.எல்.-இல் ஒன்று: மேற்பரப்பில் கண்ணாடிபோல் திரும்பும் ஒளியை அது தனியாகக் காட்டும். காற்றிலிருந்து 1.4 ஒளிவிலகல் எண்ணுக்குப் போகும்போது அது 2.8 சதவீதம். அளவீட்டோடு ஒப்பிடுமுன், உங்கள் கருவி அந்தப் பங்கைப் பிடிக்கிறதா விடுகிறதா என்று பாருங்கள்.

நோயாளியின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து மாதிரி செய்வதாக இருந்தால், மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தமும் எழுத்தில் வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். தொடக்கத்துக்கு காலின்27 மூளை, டிஜிமவுஸ் எலி போன்ற பொது மாதிரிகளே போதும். அவற்றின் உரிம நிபந்தனையை மட்டும் படித்துவிடுங்கள்.

6. ஒருமுறையாவது ஆய்வகத்தில் கை வையுங்கள்

கணிப்பியல்தானே என்று விட்டுவிடாதீர்கள். சிதறலுக்கு இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புக் குழம்பு, உறிஞ்சலுக்கு இந்தியா மை, தண்ணீர் கலந்து ஒரு மாதிரித் திரவம் செய்து, ஒளியிழை வைத்து அளந்து, உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று தேடும் அந்த வாரங்களில் கற்பதை வேறெங்கும் கற்க முடியாது. சொந்த ஆய்வகம் இல்லாதவர்கள், இருக்கிற துறையில் கோடை விடுமுறைப் பயிற்சியாகக் கேட்டுப்பாருங்கள்.

7. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பம்: ஆவணங்களும் காலமும்

அமெரிக்காவில் பெரும்பாலும் டிசம்பர் வாக்கில் விண்ணப்பம் முடியும், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் வகுப்பு. படிப்பு ஐந்தாறு ஆண்டுகள். கட்டணமும் மாதச் செலவும் பொதுவாக ஆய்வு உதவியாளர் பணியில் அடங்கிவிடும். ஐரோப்பாவில் பல இடங்கள் வேலை விளம்பரம்போல ஆண்டு முழுவதும் வரும், மூன்று நான்கு ஆண்டுகள்.

தயாராக வைக்க வேண்டியவை: மதிப்பெண் பட்டியல், சி.வி., நோக்க அறிக்கை, பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், அப்புறம் கிட்ஹபில் உங்கள் நிரல். நிரலோடு வான் டி ஹல்ஸ்ட் ஒப்பீட்டையும் மேலே சொன்ன விரிதாளையும் வையுங்கள். "மான்டே கார்லோ தெரியும்" என்று சி.வி.யில் எழுதுவதைவிட அந்த ஒரு பக்கம் வலுவானது. பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள். இரண்டு மாதம் முன்பே கேட்டு, என்ன எழுத வேண்டும் என்பதற்கான குறிப்பையும் கொடுங்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி விண்ணப்பக் கட்டணம் உண்டு. விலக்கு தரும் இடங்கள் நிறைய, ஆனால் நீங்களாகக் கேட்டால்தான் தருவார்கள், அதையும் கடைசித் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே பேராசிரியருக்கு நேரடியாக எழுதுங்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன், டார்ட்மவுத், இர்வைனின் பெக்மன் லேசர் நிலையம், லண்டன் யூ.சி.எல்., பின்லாந்தின் குவோப்பியோ, மிலானின் பாலிடெக்னிக்கோ, பார்சிலோனாவின் ஐ.சி.எஃப்.ஓ. ஆகியவை இந்தத் துறையில் பெயர்பெற்றவை. கடிதம் பத்து வரிக்குள் இருக்கட்டும். அவர் கட்டுரை ஒன்றிலிருந்து ஒரு படத்தை நீங்களே மறுபடி கணக்கிட்டுப் பார்த்ததை எழுதி, இணைப்பைக் கொடுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு விடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் நிதியளிக்கும் மரி க்யூரி முனைவர் வலையமைப்புகளில் சம்பளம் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை பலரை வெளியே நிறுத்திவிடுகிறது: பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்குமேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது. அங்கே முதுகலை படித்துவிட்டு அங்கேயே இதற்கு விண்ணப்பிக்க நினைக்கிறவர்கள் தேதிகளை முதலில் எண்ணுங்கள்.

8. மாநாடும் கட்டுரையும்

ஆண்டின் பெரிய கூட்டம் சான் பிரான்சிஸ்கோவில் ஜனவரி வாக்கில் நடக்கும் ஃபோட்டானிக்ஸ் வெஸ்ட். அதற்கான சுருக்கத்தை முந்தைய ஆண்டின் நடுவிலேயே அனுப்ப வேண்டும். ஒற்றைப்படை ஆண்டுகளில் மியூனிக்கில் ஐரோப்பிய மாநாடு உண்டு. சுருக்கம் ஏற்கப்பட்ட அன்றே அழைப்புக் கடிதம் கேட்டு விசா வேலையைத் தொடங்குங்கள். மாணவர் பயண உதவிக்கான தேதி பதிவுத் தேதியிலிருந்து வேறாக இருக்கும்.

ஜர்னல் ஆஃப் பயோமெடிக்கல் ஆப்டிக்ஸ், பயோமெடிக்கல் ஆப்டிக்ஸ் எக்ஸ்பிரஸ் இரண்டும் திறந்த அணுக்க இதழ்கள். படிக்க இலவசம், வெளியிட ஆசிரியர் தரப்பு கட்டணம் கட்ட வேண்டும். யார் கட்டுவது என்பதைக் கட்டுரை எழுதும்முன் வழிகாட்டியோடு பேசி முடித்துவிடுங்கள். நிரலையும் தரவையும் ஜெனோடோ என்ற ஆய்வுக் களஞ்சியத்தில் இலவசமாக ஏற்றி நிரந்தர எண் வாங்கலாம், அதையும் சி.வி.யில் தனி வரியாகச் சேர்க்கலாம்.

9. நிறுவன வேலைக்குப் போகிறவர்களுக்கு

மருத்துவக் கருவி நிறுவனத்தில் உங்கள் கணக்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் மேசைக்குப் போகும். கணிப்பு மாதிரியின் நம்பகத்தன்மையை எப்படி நிறுவுவது என்று அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.-யின் 2018-ஆம் ஆண்டுத் தரநிலை வி. அண்ட் வி. 40 சொல்கிறது, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2023-இல் இதைப் பற்றித் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. இரண்டின் சாரமும் இது: மாதிரி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, அந்தப் பதில் தவறினால் நோயாளிக்கு எவ்வளவு கேடு என்று முதலில் எழுது; கேடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு கடுமையாகச் சரிபார். நான்காம் படியின் விரிதாளையும் மூன்றாம் படியின் ஒப்பீட்டையும் பழகியவருக்கு இந்த ஆவணங்கள் அந்நியமாக இருக்காது. நேர்காணலுக்கு முன் எஃப்.டி.ஏ. வழிகாட்டுதலை முழுவதும் படித்துவிடுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது.

உரிமத்தையும் பாருங்கள். எம்.சி.எக்ஸ். ஜி.பி.எல். உரிமத்தில் வருகிறது. அலுவலகத்துக்குள் ஓட்டிப் பார்ப்பதில் சிக்கலில்லை. அதன் நிரலை விற்கும் பொருளுக்குள் சேர்த்து வெளியே கொடுத்தால் மூலநிரலையும் கொடுக்க வேண்டிய கடமை வரும். பல்கலைக்கழகத்தில் நீங்கள் எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம் என்பதையும், அதை எடுத்துப்போகலாம் என்ற அனுமதியையும், பட்டம் வாங்கி வெளியேறுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.